அக்கரைக் காகிதம்

காகிதத்தை என் கையில் கொடுத்ததும் நான் முதலில் பார்த்தது எழுத்தை அல்ல, என் கட்டை விரலை. அது ஆடிக்கொண்டிருந்தது. விரல் ஆட, காகிதம் ஆட, காகிதத்தின் நிழல் என் புடவையில் ஆடியது. காற்று அடித்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து ஏரியில் பொட்டுக் காற்றில்லை.

சுற்றிலும் முப்பது நாற்பது பேர். நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏரிக்கு அக்கரையில் உள்ள ஆந்திர ஊர்ப் பெரியவர்கள். எதிரே பாயில் எங்கள் ஊர்த் தலைவரான நாட்டார் முனுசாமியும் இன்னும் நான்கு பேரும். மீன் இறக்கும் கொட்டகையின் தூணோரம் என் வீட்டுக்காரர் தேவராஜ், அவரோடு பிடிபட்ட மூன்று பேர். யாரையும் கட்டிப்போடவில்லை. கட்டத் தேவையில்லை, படகுகள் அக்கரைக்காரர்களிடம் இருந்தன.

என்னை உட்காரச் சொல்லவில்லை. எங்கள் ஏரியில் அதுதான் வழக்கம். இரண்டு ஊருக்கு நடுவே எழுத்து வைத்தால், கை நாட்டு வைக்கிற ஊரின் ஆள் ஒருவர் நின்றுகொண்டு அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் "எங்க ஊரு வாயால படிச்சாச்சு" என்று நாட்டார் சொல்வார். அதற்கப்புறம் "எனக்குப் புரியவில்லை, என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒருவரும் பேசக் கூடாது.

காகிதம் தெலுங்கில் இருந்தது. எங்கள் ஊரில் தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரே ஆள் எஸ்தர். அதாவது நான்.

எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது.

கருவாடு கட்டிய தமிழ்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா ஆந்திராவில் தடா பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் சோறு கேட்டதும் தெலுங்கில், அடி வாங்கியதும் தெலுங்கில். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தபோது டீச்சர் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் சிரித்தால் நானும் சிரிப்பேன், அவள் சிலேட்டை எடுத்தால் நானும் எடுப்பேன்.

தமிழ் எனக்குக் காதுவழியாக வந்ததைவிடக் கண்வழியாக வந்ததுதான் அதிகம். நைனா கருவாடு கட்டுவதற்காகப் பொன்னேரியிலிருந்து பழைய வார இதழ்களை எடைக்கு வாங்கி வருவார். கருவாட்டுக்குப் போவதற்கு முன்னால் நான் அவற்றைப் படித்துவிட வேண்டும். ஒரு கையில் இதழ், இன்னொரு கையில் ஈ ஓட்டும் துணி. பாதித் தொடர்கதைகளுக்கு முதல் வாரம் இருக்காது, மீதிக்குக் கடைசி வாரம் இருக்காது. கொலைகாரன் யாரென்று தெரியாமலே எத்தனையோ கொலைகளைப் படித்திருக்கிறேன்.

ஆனால் சொற்கள் ஒட்டிக்கொண்டன. ஒரே சொல் இந்தக் கதையில் ஒரு மாதிரியும் அந்தக் கதையில் வேறு மாதிரியும் வரும். மூன்றாவது கதையில் அது எனக்குச் சொந்தமாகிவிடும். அர்த்தம் யாரும் சொல்லித் தரவில்லை.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு நாள் கடைக்காரரிடம் போய், "தயைகூர்ந்து ஒரு தீப்பெட்டி கொடுங்கள்" என்றேன். அவர் தராசை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெடுநாள் வரைக்கும் எங்கள் தெருவில் என் பெயர் தயைகூர்ந்து.

அம்மாவுக்குத் தெலுங்கு எழுத்து தெரியும். கெட்டி அட்டை போட்ட ஒரு பாட்டுப் புத்தகம் வைத்திருந்தாள், அட்டையில் எரிகிற விளக்குப் படம். "ரா, நேர்ப்பிஸ்தா" என்று, கற்றுத் தருகிறேன் வா என்று, பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தொடர்கதைதான் பெரிதாக இருந்தது. பேசத்தான் தெரியுமே, படிக்க வேறு வேண்டுமா என்று ஓடிவிட்டேன்.

என் திமிர்

எங்கள் கோயிலில் நாலைந்து தெலுங்குக் குடும்பங்கள் உண்டு, ஒருவருக்கும் எழுத்து மட்டும் தெரியாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்காக ஒரு தெலுங்குப் பாட்டு. அம்மாதான் முன்னால் நின்று எடுத்துக் கொடுப்பாள். அவள் இறந்தபின் அந்த வேலை எனக்கு வந்தது. அந்தப் பாட்டுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். இறால் உரிக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, தலை வாரும்போது என்று ஆயிரம் தடவை கேட்ட பாட்டுகள்.

சும்மா நின்று பாடியிருக்கலாம். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாடினேன். வரிக்கு அடியில் விரலை வேறு ஓட்டினேன்.

ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மாள், "இன்னாமே, ரெண்டு பாஷையும் படிக்கிறியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகும். "ஏதோ கொஞ்சம்" என்றேன், அடக்கமாகச் சிரித்துக்கொண்டு. எட்டாவதோடு நின்றவளுக்கு அந்தப் பெயர் இனித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். அப்புறம் இரண்டு வருஷம், மாதம் தவறாமல் பொய் படித்தேன்.

வியாழக்கிழமை

ஏரியில் எங்களுக்குப் பாடு உண்டு. எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்திருப்பதைத்தான் பாடு என்கிறோம். தண்ணீரில் கோடு போட முடியாது. கழி நட்டிருப்பார்கள், கழி சாயும், சேற்றோடு போகும். மேற்கே மூன்றாவது கழி சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரரும் மற்ற மூவரும் இரண்டு படகில் போய் அதைத் தாண்டி வலை கட்டிவிட்டார்கள். அது எங்கள் இடம் என்று இவர்கள், தங்கள் இடம் என்று அவர்கள். படகோடு ஆளையும் பிடித்து அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கரை ஊரின் பெயர் வேண்டாம். இன்னமும் பெண் கொடுத்து எடுக்கிறோம்.

வியாழன் காலையில் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது நாட்டார் வாசலுக்கு வந்தார்.

"எஸ்தரு, நீதான் வரணும். ஞாயித்துக்கெழம காலைல. காயிதம் எழுதி வெக்கிறாங்களாம். படிச்சிக் கைநாட்டு வெச்சா ஆளையும் போட்டையும் உடுறாங்க."

"சூளூர்பேட்டைல யாராச்சும் வாத்தியாரு இருப்பாருண்ணா, அவுர இட்டுக்கினு போலாமே" என்றேன்.

"வெளியாளு வந்தா விசயம் ஸ்டேஷனுக்குப் போவும். அப்பால படகு ஒரு வருசம் மணல்ல கெடந்து ஓட்டையாவும். நம்ம ஊரு வாயி வேணும். நீ கோயில்லயே படிக்கிறவ, இதுல இன்னா கீது?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போதுதான் நாட்டாருக்குப் பின்னால் பார்வதி நின்றிருப்பதைப் பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரி, அவள் புருஷனும் பிடிபட்டவர்களில் ஒருவன். அழுது முகம் வீங்கியிருந்தது. "எஸ்தர் அக்கா இருக்கச் சொல்லோ எனக்கு இன்னா பயம்" என்றாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டு காட்டிக் கொடுத்த எழுத்து

மூன்று நாள் இருந்தது. போனில் எழுத்துப் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்தேன். தனித்தனியாகப் பார்க்கும்போது சாதுவாக இருந்தன. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஒன்றுக்கு அடியில் ஒன்று தொங்குகிறது, ஒன்றின் தலையில் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. போனை மூடி வைத்தேன்.

பிறகு வேறு வழி இல்லாமல், தெரிந்த பாட்டை எடுத்து மிக மெல்லப் பாடினேன். ஒரு சத்தம், ஒரு எழுத்து. பாட்டு முன்னால் போய் நின்று எழுத்தைக் காட்டிக் கொடுத்தது. இந்தப் பாட்டில் பிடிபட்ட எழுத்து அடுத்த பாட்டில் வருகிறதா என்று தேடினேன். வந்தது. இரண்டு வருஷம் பொய்யாக ஓடிய விரல் அன்றைக்குத்தான் எழுத்தைத் தொட்டது. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உடனே தேவராஜ் முகம் வந்தது, சந்தோஷம் போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் பரீட்சை வைத்துக்கொண்டேன். வீட்டில் ஆந்திராவிலிருந்து வந்த அரிசிப் பை ஒன்று இருந்தது. அதில் இருந்தது மூன்று வரி. பாட்டில் இல்லாத சொற்கள். உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைகிற வரைக்கும் எழுத்துக் கூட்டினேன். ஒரு வரிதான் முடிந்தது.

அந்த மேற்குப் பாடு ஒரேயடியாகப் போனால் மழைக்குப் பின் எங்கள் ஊருக்கு இறால் கிடையாது. இறால் இல்லையென்றால் ஆம்பளைகள் மீஞ்சூர்ப் பக்கம் ஃபேக்டரி கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான். ஒரு ஊரின் வயிறு என் நாக்கில் இருந்தது. பயம் என்றால் அதுதான் பயம்.

ஒரே ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். காகிதத்தைப் போனில் படம் எடுத்தால் அதுவே தமிழில் காட்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். படிப்பது போல ஒரு நிமிஷம் திரும்பி நின்றால் போதும்.

கூடை

ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகாமல் படகேறினோம். தண்ணீர் முழங்கால் அளவுதான், கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது.

கரையில் கால் வைத்ததும் ஒருவன் நண்டுக் கூடையை நீட்டினான். எல்லார் போனும் அதில் போட வேண்டுமாம். போன தடவை ஒரு சண்டையை எவனோ வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டானாம். என் போன் நண்டு நாற்றம் அடிக்கிற கூடைக்குள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தூணோரம் தேவராஜ் என்னைப் பார்த்தார். மூன்று நாள் தாடி. என்னைப் பார்த்ததும் முகம் தெளியும் என்று நினைத்தேன். மாறாக, வெளுத்துப் போனது. வெயிலில் கிடந்த களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

காகிதத்தை எழுதியவர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். கொடுப்பதற்கு முன்னால் எல்லாருக்கும் கேட்கும்படி அதில் உள்ளதைச் சொன்னார். இந்த சீசன் முடிகிற வரை மூன்றாவது கழி தாண்டி உங்கள் ஊர் வலை கட்டுவதில்லை, சீசன் முடிந்தால் பழையபடி, அவ்வளவுதான். நாட்டாரும் தலையாட்டினார். அதுதான் முன்பே பேசி முடித்தது.

எனக்கு உயிர் வந்தது. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துவிட்டதே. இனி எழுத்து எதற்கு? பேசத் தெரிந்த பாஷை, கேட்ட விஷயம். கோயிலில் செய்வதை இங்கேயும் செய்துவிடலாம்.

செய்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன், நாட்டார் பெயரைச் சொன்னேன், காகிதத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கணீரென்று படித்தேன். பார்வதியின் முகம் மலர்வதை ஓரக்கண்ணால் பார்த்தேன். "ஈ சீசன் அய்யேவரகு" என்று, இந்த சீசன் முடியும்வரை என்று, வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

விரல் நின்றது.

விரலுக்கடியில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தது. அதை எழுத்துக் கூட்டத் தேவையில்லை. அம்மா பாடும் பாட்டு ஒன்றில் கர்த்தருடைய அன்பைப் பற்றி மூன்று இடத்தில் வருகிற சொல். வெள்ளிக்கிழமை முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பழகியிருந்தேன். சாஸ்வதங்கா. என்றென்றைக்கும்.

சீசன் என்ற சொல்லைத் தேடினேன். மேல்வரியில் இல்லை, கீழ்வரியிலும் இல்லை.

மறுபடியும் முதலிலிருந்து

யாரோ இருமினார்கள். "இன்னாமே, சொல்லு" என்றார் நாட்டார்.

நான் தப்பாகவும் பார்த்திருக்கலாம். மூன்று நாள் படிப்பு. இந்தச் சொல்லை நம்பி ஒப்பந்தத்தைக் கலைத்து, அது தப்பாகவும் போனால், நான்கு பேரும் இங்கேயே கிடப்பார்கள். பேசாமல் முடித்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், கஞ்சி வைக்கலாம். இதெல்லாம் நினைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது.

"நாட்டாரண்ணா" என்றேன். "நான் இதுவரிக்கும் படிக்கல. அவுரு சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன். எனக்குத் தெலுங்கு படிக்க வராது. கோயில்லயும் படிச்சதில்ல, எல்லாம் மனப்பாடம். இந்த மூணு நாளா எழுத்துக் கூட்டக் கத்துக்கினேன். இப்ப மொதல்லேர்ந்து படிக்கிறேன். நேரமாவும்."

நாட்டார் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. பார்வதி "அடிப்பாவி" என்றாள், சத்தமே இல்லாமல். அக்கரைக்காரர்களில் சிலர் சிரித்தார்கள். நடு நாற்காலியில் இருந்த அவர்கள் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "சதுவம்மா" என்றார். படி அம்மா.

படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, பிள்ளைகள் படிப்பது போல. பாட்டில் பார்க்காத எழுத்து வந்தால் நின்று, பக்கத்து எழுத்தைப் பார்த்து, ஊகித்து, பொருந்தாவிட்டால் மாற்றி. சில சொல்லுக்குச் சத்தம் வந்தது, பொருள் எனக்குத் தெரியவில்லை. பாயில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. எழுத்தே அறியாத கிழவர் ஒருவர் நான் சிந்திய சத்தத்தைப் பொறுக்கிச் சேர்த்து, "அது எல்லைனு சொல்றாங்க" என்றார். கொட்டகை நிழல் என் காலைவிட்டு விலகி வெயில் ஏறியது. யாரும் எழுந்து போகவில்லை.

அந்தச் சொல் வந்தது. "சாஸ்வதங்கா" என்று ஒரே மூச்சில் படித்தேன்.

"மள்ளி சதுவம்மா" என்றார் பெரியவர். மறுபடி படி.

மறுபடி படித்தேன். "சீசன்னு எங்கயும் இல்ல" என்றேன்.

"சாஸ்வதமாவா?" என்றார் நாட்டார். அவருக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மை டப்பாவைத் தன் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார்.

கண்ணாடிக்காரர், "அதி ராசேட்டப்புடு அலவாட்டம்மா" என்றார். எழுதும்போது அப்படி எழுதுவது பழக்கமாம். பழக்கமா, வேண்டுமென்றேவா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வேறு காகிதம் வந்தது. அதையும் நின்றுகொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சீசன் இருந்தது, சாஸ்வதம் இல்லை. "எங்க ஊரு வாயால படிச்சாச்சு" என்றார் நாட்டார், என்னைப் பார்க்காமல்.

விளக்குப் படம்

திரும்பும்போது பார்வதி தன் புருஷனை ஒட்டிக்கொண்டு முன் படகில் போய்விட்டாள். எங்கள் படகில் தேவராஜ் கோல் ஊன்றினார். பாதி தூரம் வந்துவிட்டோம்.

"எனக்குத் தெரியும்" என்றார் திடீரென்று.

"இன்னா தெரியும்?"

"உனக்குப் படிக்க வராதுனு. போன ஈஸ்டருக்கு பொஸ்தகத்தத் தலகீழாப் புடிச்சிக்கினு பாடின. அட்டைல வெளக்கு கீழ பாத்துக்கினு எரிஞ்சிது. நான்தான் மொத வரிசைல குந்திக்கினு இருந்தேனே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "ஏன்யா சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? அவ்ளோ பெருமையா நின்னுக்கினு இருந்த." கோலைச் சேற்றிலிருந்து பிடுங்கினார். "இன்னிக்கு நீ போட்லேர்ந்து எறங்கச் சொல்லோ எனக்கு உசுரே இல்ல எஸ்தரு. நீ கணீர்னு படிக்க ஆரமிச்ச பாரு, எல்லாம் முடிஞ்சிதுனு நெனச்சேன்."

மூன்று நாள் அந்தக் கொட்டகையில் வராத பயம் அவருக்கு என்னைப் பார்த்ததும் வந்திருக்கிறது. அந்த வெளுத்த முகத்தை வெயில் என்று நினைத்தவள் நான்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. போகவே கூடாது என்றுதான் இருந்தேன். நாட்டார் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார், யாருக்கும் தெரியாமல் இல்லை. "போ" என்றார் தேவராஜ். போய் நின்றேன். புத்தகத்தைத் திறந்து, நேராகப் பிடித்திருக்கிறேனா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். முன்வரிசையில் தேவராஜ் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

எழுத்தைப் பார்த்துப் பாடினேன். மெதுவாகத்தான் வந்தது. சபை எனக்கு ஒரு வரி முன்னால் போய், நின்று, காத்திருந்தது.

வருஷா வருஷம் இப்போதும் அக்கரையிலிருந்து காகிதம் வருகிறது. நான்தான் போகிறேன், நின்றுகொண்டுதான் படிக்கிறேன். மழை மேகம் கூடினாலே, காகிதம் வரும் காலம் என்று, பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுவேன். அம்மா அவ்வளவு நிம்மதியாகப் பாடிய பாட்டில் சாஸ்வதங்கா என்ற அந்தச் சொல் வரும்போது என் விரல் தானாக நிற்கிறது. அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்க்காமல் எனக்கு அடுத்த சொல்லுக்கு வாய் வருவதில்லை.